நடுவில் நிற்பவர்

என் மனைவி மங்களம் எனக்கு இட்ட பணி மிக எளியது. தஞ்சைக்குப் போக வேண்டும். அவளுடைய உடன்பிறந்தாரை ஒன்றாக நிறுத்தி ஒரு படம் எடுத்து வர வேண்டும். இருதயச் சிகிச்சைக்குப் பிறகு அவள் விமானம் ஏறக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். மலேசியாவில், ஈப்போவிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடி, "எல்லாரும் ஒரே படத்துல இருக்கணும்ங்க. தனித்தனியா எடுத்து ஒட்டிக்கிட்டு வந்து நிக்காதீங்க," என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அண்ணன் சாமிநாதனும் தம்பி கலியமூர்த்தியும் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு குறுவைப் பருவத்தில் அண்ணன் தண்ணீர் முறை தவறி வாய்க்கால் மடையை அடைத்துவிட்டார் என்றும், அதனால் தம்பியின் நாற்றங்கால் காய்ந்துபோயிற்று என்றும் தகராறு. கடைசித் தங்கை செண்பகம் இருவருக்கும் பொதுவாகப் பேசப் போய் இருவரிடமும் பொல்லாப்பு வாங்கிக்கொண்டாள். மூவரும் ஒன்றாக நிற்பதைப் பார்க்காமலேயே போய்விடுவோமோ என்ற அச்சம் மங்களத்துக்கு. அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். விடியலில் பதிகம் ஓதுவதும், பிறகு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதும் என் வழக்கங்கள். பேரப்பிள்ளைகள், சுண்ணாம்புக் குன்றுகளில் தாவும் குரங்குகள், மழை விட்டதும் சாலைக்கு வரும் உடும்புகள், இருவாய்ச்சிப் பறவைகள் என என் அலமாரி நிறையப் படங்கள். இருவாய்ச்சி தலை திருப்பும் கணத்துக்காக ஒரு முழுப் பகல் காத்திருந்தவனுக்கு மூன்று மனிதர்களை நிறுத்துவது எம்மாத்திரம் என்று எண்ணிக் கிளம்பினேன்.

தஞ்சையில் முதல் நாள் குழப்பத்திலேயே விடிந்தது. மார்கழி மாதம். இருள் பிரியுமுன்பே நான்கு திசைகளிலிருந்தும் ஒலிபெருக்கிகள் நான்கு பாடல்களைப் பாடின. நான் ஓதத் தொடங்கிய பதிகத்தின் பண் பாதி வழியில் அடுத்த தெருப் பாட்டின் தாளத்துக்கு நழுவிவிட்டது. இறைவன் எதைக் கேட்டருளினானோ, அவனுக்கே வெளிச்சம்.

காலை உணவுக்கு ஒரு மெஸ்ஸில் நுழைந்தேன். இட்லியின்மேல் வெளிர் மஞ்சளாக ஒன்றை ஊற்றினார் பரிமாறியவர். சாம்பாருமல்ல, குருமாவுமல்ல.

"இது என்ன ஐயா?"

"கடப்பாங்க."

"கடப்பா ஆந்திரத்திலுள்ள ஊரல்லவா?"

"அது ஊருங்க. இது தொட்டுக்கிறது. ஆறிடும், சாப்பிடுங்க."

பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் சேர்ந்த அந்தக் குழம்பின் சுவையை எங்கள் ஊரில் எதனோடு ஒப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே மேலும் இரண்டு இட்லி உண்டேன். ஒப்புமை அகப்படவில்லை.

பெரிய கோயிலுக்குச் சென்றேன். விமானத்தின் மாடங்களில் பச்சைக்கிளிகள் நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தன. நந்தியின் நிழலில் ஒரு தாய் தன் குழந்தைக்கு இளநீர் வழுக்கை ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டையும் படமெடுத்தேன். கருவறைக்கு முன் கேமராவைப் பைக்குள் வைத்துக் கை கூப்பினேன். தீபாராதனையின் ஒளி லிங்கத்தின்மேல் வழிந்து இறங்கிய கணத்தில், கூப்பிய கையின் சுட்டுவிரல் தானாக ஒருமுறை மடங்கியது. பொத்தானை அழுத்துகிற பழக்கம்! வெட்கமாக இருந்தது. காலமெல்லாம் ஓதி வந்திருக்கிறேன். ஓதியவர்கள் கண்ணால் கண்டதை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள் என்று மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். என் நெஞ்சோ கண்டதைப் பெட்டிக்குள் அடைக்கப் பார்க்கிறது. இது பக்தியா, பேராசையா என்ற வினா அன்று முழுவதும் என்னோடு நடந்தது.

மறுநாள் மங்களத்தின் ஊருக்குப் புறப்பட்டேன். அம்மாப்பேட்டையில் இறங்கி உள்ளே போக வேண்டும். அந்தப் பேருந்து பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்குமா, புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்குமா என்று தேநீர்க் கடையில் கேட்டேன். இருவர் இரண்டு விடை சொன்னார்கள். பிறகு என்னை மறந்து அவர்களுக்குள் வாதிடத் தொடங்கினார்கள். அவர்கள் முடிவுக்கு வருமுன் அந்தப் பேருந்தே கடையின் முன்னால் வந்து நின்றது.

சன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே கதிர் வாங்கிய சம்பா. பசுமைக்குள் மஞ்சள் புகுந்து கொண்டிருந்தது. பதிகங்களில் வரும் வயல்கள் என் மனத்தில் இளமை முதல் விளைந்திருந்தன. அவற்றில் கயல் துள்ளும், தாமரை மலரும், நாரை தவம் கிடக்கும். இங்கே நாரை இருந்தது. ஆனால் அது போர்வெல் கொட்டகையின் தகரக் கூரைமேல் நின்றது. பாட்டில் கண்ட வயலை இதன்மேல் வைத்துப் பார்த்தால் ஓரங்கள் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று தள்ளவும் முடியவில்லை, ஏனெனில் நாரை அதே நாரை. இவ்வாறு மயங்கிக் கொண்டிருந்தவனை நடத்துநர் தோளில் தட்டினார். வண்டி நீடாமங்கலம் ரயில் கேட்டில் நின்றிருந்தது.

"பெரியவரே, அம்மாப்பேட்டை போயி எவ்வளவு நேரமாச்சு! தொண்டை கிழியக் கூவுனேனே?"

"கொக்கு, நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்."

"கொக்கு டிக்கெட் எடுத்துச்சா? இறங்குங்க, எதுத்தாப்புல வர்ற வண்டியில ஏறுங்க. இந்தத் தடவ வலது பக்கம் உக்காருங்க, அந்தப் பக்கம் வீடுதான் இருக்கு."

ஈப்போவில் பேருந்து ஓட்டுநர் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அட்டையைத் தட்டினால் ஏறலாம், பொத்தானை அழுத்தினால் இறங்கலாம். தவறவிட்டால் திட்டவும் ஆளில்லை. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் தம்பி வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. நடுவே ஒரு கிளுவை வேலி. சாமிநாதன் மச்சான் வீட்டில் வாழைப்பூக் கூட்டும் மோர்க்குழம்புமாகப் பகலுணவு. மங்களத்தின் விருப்பத்தைச் சொன்னேன். அவர் கையில் பிசைந்த சோற்றைப் பார்த்தபடி இருந்தார்.

"அவன் என்ன சொன்னான்?"

"இன்னும் அவரைப் பார்க்கவில்லை."

"அவன் வந்தா நான் வர்றேன். மங்களத்துக்காகத்தான் மாப்பிள்ளை. அவன் மூஞ்சிக்காக இல்ல."

அவர் மனைவி தட்டில் அப்பளத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அவுங்க வேணா போவட்டும் அண்ணே. நான் அந்த ஆளு பக்கத்துல நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

வேலியைச் சுற்றிக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்குப் போனேன். மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததால் தம்பியே காபி கலந்து கொடுத்தார்.

"பெரியவரு என்ன சொன்னாரு அத்தான்?"

"நீங்கள் வந்தால் வருகிறேன் என்றார்."

"அப்ப நான் வர்றேன். ஆனா அவரு வாசலுக்கு வர மாட்டேன். அக்காவுக்காகத்தான்."

இருவரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் நிற்பதற்கு ஓர் இடமில்லை. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வாழ்கிற செண்பகம் தொலைபேசியில் இதைத் தீர்த்துவைத்தாள். "ரெண்டு வாசலும் வேண்டாம் அத்தான். மடைகிட்ட நிக்க வைங்க. சண்டை அங்கதானே ஆரம்பிச்சுது. நாளைக்கு விடிய நான் வந்துடுறேன்."

சொன்னபடி வந்தாள். இரண்டு பைகளில் தேங்காய், ஒரு வீட்டுக்கு ஒரு பை. எது கனம் என்று யாரும் தூக்கிப் பார்க்குமுன் இரண்டையும் வாய்க்கால் கரையிலேயே வைத்துவிட்டாள். பனி விலகவில்லை. கதிர்களின் நுனியெல்லாம் நீர் கோத்திருந்தது. வாய்க்கால் மடையிலிருந்து கிளம்பும் வரப்புதான் இரண்டு பங்குகளுக்கும் எல்லை. இடப்புறம் அண்ணன் வயல், வலப்புறம் தம்பி வயல். மூவரும் அதன்மேல் வந்து நின்றார்கள். கிழக்கிலிருந்து வெயில் சாய்வாக இறங்கியது. இத்தகைய ஒளி எங்கள் ஊர் மழைக்காட்டில் கிடைக்காது. கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

"செண்பகம், அவனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு," என்றார் மச்சான்.

"இதுக்கு மேல தள்ளுனா வாய்க்கால்லதான் நிக்கணும்னு சொல்லு," என்றார் தம்பி.

"எனக்கு ரெண்டு பேரும் தபால் கூலி குடுங்க," என்றாள் செண்பகம்.

நான் பொத்தானை அழுத்தப் போகையில் மச்சான் கையை உயர்த்தினார்.

"இருங்க மாப்பிள்ளை. மூணு பேருல்ல இருக்கோம்?"

"ஆமாம், மூவரும் வந்துவிட்டீர்கள்."

"அதான் சொல்றேன். மூணு பேரா எடுக்கப்படாது."

எனக்கு விளங்கவில்லை. செண்பகம் பொறுமையாகச் சொன்னாள்: "மூணு பேரா நின்னு படம் எடுத்தா, நடுவுல நிக்கிறவங்க உசுருக்கு ஆகாது அத்தான். மலேசியாவுல இது தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நொடியில் வேறொன்று புலப்பட்டது. எங்கள் வீட்டில் மூவர் படத்துக்கு நின்றால், மங்களம் ஓடிப்போய் அடுத்த வீட்டுச் சீனப் பிள்ளையையாவது இழுத்து வந்து நிறுத்துவாள். கூட்டம் விரும்புகிறவள் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். கூட வாழ்கிறவளைப் பற்றிக்கூட இவ்வளவுதான் அறிந்திருக்கிறேன்.

நாலாவது ஆளுக்கு எங்கே போவது? மச்சானின் மனைவி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் கையசைத்து அழைத்தும் அசையவில்லை. வரப்பில் புல் அறுக்க வந்தவர்களைக் கூப்பிடலாமா என்றேன். குடும்பப் படத்தில் அந்நியர் எதற்கு என்று இருவருமே தங்கை மூலம் சொல்லியனுப்பினார்கள். அப்போது தம்பி, கரையில் கட்டியிருந்த தன் செவலைப் பசுவை அவிழ்த்து வந்தார்.

"இது நாலாவதா நிக்கட்டும்."

"மாடு கணக்குல சேருமா?" என்றாள் செண்பகம்.

"லெட்சுமி சேராம? உன்னைவிட முன்னாடி சேரும்," என்றார் மச்சான். பிறகு யோசித்து, "ஆனா சினையா இருந்தா அஞ்சாயிடும். கேட்டுச் சொல்லு."

"சினை இல்லன்னு சொல்லு. அஞ்சா இருந்தாலும் மூணு இல்லல்ல?"

பசு இரண்டு சகோதரர்களுக்கும் நடுவே நின்றது. இடக்கோடியில் அண்ணன், பசு, கயிற்றைப் பிடித்தபடி தம்பி, அவரையடுத்துத் தங்கை. பசு இடையில் நின்றதால் இருவருக்கும் ஒருவகை நிம்மதி என்று தோன்றியது. முகங்கள் மட்டும் இறுகியிருந்தன. யானைக்கூட்டத்தையே படமெடுத்திருக்கிறேன்; அவற்றின் முகத்தில் இவ்வளவு இறுக்கம் கண்டதில்லை.

பசு அண்ணன் வயலைப் பார்த்தது. ஓர் இழுப்பில் கயிற்றைப் பறித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்து இடப்புற வயலுக்குள் இறங்கி, பால் பிடித்த கதிர்களில் வாய் வைத்தது.

மறுபடியும் அதே மடை, அதே இருவர்.

"செண்பகம்," என்றார் மச்சான் மெதுவாக. "தண்ணிய நான் எடுத்தேன்னு ஊரைக் கூட்டுனான். இப்ப நெல்ல அவன் மாடு எடுக்குது. நான் யாரைக் கூட்டுறது?"

"கூட்ட வேண்டாம்னு சொல்லு. மாட்டுக்கு முறையெல்லாம் தெரியாது."

பசு வாய் நிறையக் கதிரோடு தலையைத் தூக்கி, யாரைப் பற்றிய பேச்சு என்பதுபோல் மூவரையும் பார்த்தது. செண்பகம்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பிக்குத் தொற்றியது. மச்சான் முகத்தைத் திருப்பினார்; திருப்பிய முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. என் விரல் தானாக மடங்கியது. இம்முறை நான் அதைக் கடிந்துகொள்ளவில்லை.

மூவரும் ஓடி வந்து கேமராவின் சிறு திரையைக் குனிந்து பார்த்தார்கள். நான் எடுத்தவற்றிலெல்லாம் தலைசிறந்த படம் அது. மூன்று முகங்களிலும் ஒரே தாயின் சிரிப்பு.

"மாடு எங்க?" என்றார் மச்சான்.

மாடு இல்லை. அது சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது.

"வாலாவது விழுந்திருக்கா பாருங்க அத்தான்," என்றாள் செண்பகம். படத்தைப் பெரிதாக்கி ஓரமெல்லாம் தேடினேன். வாலில்லை. ஒரு முழக் கயிறு மட்டும் வரப்பில் கிடந்தது.

"கயிறு இருக்கே? கயித்துக்கு அந்தப் பக்கம் மாடுதானே?"

"கயித்துக்கு உசுரு இருக்கா?" என்றார் மச்சான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். "நடுவுல கலியன் நிக்கிறான்."

நான் அந்த ஊருக்கு வந்தபின் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுவே முதன்முறை.

"அழிச்சிருங்க மாப்பிள்ளை."

நான் மன்றாடினேன். மங்களம் கேட்டது இதுதான், இப்படி ஒன்று மறுபடி அமையாது என்றேன். தம்பி என்னைப் பார்த்து, "இருக்கட்டும் அத்தான். எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது," என்றார்.

மச்சான் அவர் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இல்லன்னா என்னடா? எனக்கு இருக்குல்ல?"

செண்பகம் வாயில் கைவைத்துக்கொண்டாள். எந்தப் பொத்தான் என்று மச்சான் என்னைக் கேட்டார். காட்டினேன். அவரே அழுத்தினார், போய்விட்டதா என்று இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். அதோடும் விடவில்லை. அழித்தாலும் எடுத்தது எடுத்ததுதான் என்று, கொண்டு வந்த தேங்காயில் ஒன்றைப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு வரும்படி தங்கையை அனுப்பினார். தம்பி வயலுக்குள் இறங்கிப் பசுவின் கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் உடனே திரும்பவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அந்தக் கயிற்றின் முடிச்சை வெகுநேரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் தெளிவாகவில்லை. படம் போயிற்று, ஆகையால் வந்த காரியம் கெட்டது. ஆனால் கெட்டதென்று வருந்தவும் மனம் வரவில்லை. மாலை ஊர்ச் சிவன் கோயிலில் பதிகம் ஓதினேன். வழக்கமாகத் தடுக்காத இடத்தில் சொல் தடுக்கியது. நெஞ்சு எதைப் பற்றிக்கொண்டு ஓதுகிறது என்றே தெரியவில்லை. மூன்று முகங்கள்தாம் வந்துகொண்டிருந்தன.

இருட்டுமுன் மங்களம் அழைத்தாள்.

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். உன் அண்ணன் அழித்துவிட்டார்." நடந்ததைச் சொன்னேன்.

"மூணு பேராவா எடுத்தீங்க!" என்று அலறினாள். "ஒண்ணா நிக்க வைக்கச் சொன்னேன். மூணு பேரா நிக்க வைக்கச் சொன்னேனா? நடுவுல யாரு?"

"கலியமூர்த்தி."

"அண்ணன் கையாலயா அழிச்சாங்க?"

"அவர் கையாலேயே."

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு வழக்கமான குரலில் கேட்டாள்:

"அது சரி, நீங்க எங்க இருந்தீங்க?"

"கேமராவுக்குப் பின்னால்தான்."

"கல்யாணமான நாள்லேருந்து அங்கதான நிக்கிறீங்க! ஒருத்தர் குறையுதுன்னு மாட்டைப் பிடிச்சு நிறுத்துனீங்களே, உங்களை நீங்க எண்ணிப் பாக்கவே இல்லையா?"

அலமாரி நிறைந்த படங்களை மனத்தில் புரட்டிப் பார்த்தேன். பிள்ளைகளின் திருமணங்கள், பேரர்களின் பிறந்தநாள்கள், குரங்குகள், உடும்புகள். எதிலும் நான் இல்லை. எடுப்பவனை நிற்பவனாக எண்ண வேண்டும் என்பது எனக்கு மட்டுமல்ல, அந்த மூவருக்குமே தோன்றவில்லை.

புறப்படும் நாளின் காலையில் நால்வரும் மறுபடி மடைக்கு வந்தோம். துண்டை மடித்து மடைச்சுவரின்மேல் வைத்து, அதன்மேல் கேமராவை வைத்து, தானே எடுக்கும்படி முடுக்கினேன். சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. ஓடிவந்து வரப்பில் எங்கே நிற்பதென்று தெரியாமல் விழித்தேன். முன்னால் நிற்பதில் இத்தனை சங்கடம் உண்டென்று இதுவரை நான் அறிந்ததில்லை. கையைக் கட்டுவதா, தொங்கவிடுவதா? எந்தப் பக்கம் பார்ப்பது? என்னால் எத்தனை பேர் இப்படித் தவித்திருப்பார்கள்!

"டேய், அத்தானுக்கு எடம் விடுடா," என்றார் மச்சான்.

"நீ கொஞ்சம் நவுந்தாத்தானே நான் விட முடியும்?" என்றார் தம்பி.

அண்ணன் நகர்ந்தார். அவர்கள் இருவருக்கும் இடையில் கிடைத்த இடுக்கில் நான் புகுந்தேன். புகுந்த பிறகுதான் அது எந்த இடமென்று உறைத்தது.

"நான் நடுவில் நிற்கிறேனே?" என்றேன்.

"நாலு பேருல நடுவுன்னு ஒருத்தரும் கிடையாது அத்தான்," என்றாள் செண்பகம். "பேசாம முன்னாடி பாருங்க."